மேஜரை மேலிருந்து கீழே படியுங்கள்

அமெரிக்காவில், பல துறைகளையும் கலந்து படிக்கும் லிபரல் ஆர்ட்ஸ் முறையில் இளங்கலை சேருபவர், சேரும் நாளிலேயே இன்ன பாடம் என்று எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் மேஜரை, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடத்தை, அறிவித்தால் போதும். ஹார்வர்டில் இரண்டாம் ஆண்டின் முதல் பாதியிலேயே கேட்டுவிடுவார்கள். ஆக மூன்று அல்லது நான்கு செமஸ்டர் அவகாசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லா மேஜருக்கும் இந்த அவகாசம் ஒரே அளவு கிடையாது. வரலாற்றை நான்காவது செமஸ்டரில் தொடங்கினாலும் நிம்மதியாக முடிக்கலாம். இயற்பியலை அப்படித் தொடங்கினால் அநேகமாக முடிக்க முடியாது. "இன்னும் டைம் இருக்கு" என்று அட்வைசர் சொல்வது சராசரிக் கணக்கு. உங்கள் மனதில் இருக்கும் மேஜருக்கு அது பொருந்துமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

முதலில் கூட்டல் கணக்கு. செமஸ்டருக்கு நான்கு கோர்ஸ் என்று வைத்திருக்கும் கல்லூரியில் எட்டு செமஸ்டருக்கு 32 கோர்ஸ். மூன்று கிரெடிட் கோர்ஸ்களாக 120 கிரெடிட் கேட்கும் பல்கலைக்கழகத்தில் 40. 32 கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு மேஜர் வழக்கமாகப் பத்து முதல் பன்னிரண்டு கோர்ஸ். அறிவியல் மேஜர்களில் பக்கத்துத் துறைகளின் கோர்ஸ்களையும் சேர்த்தால் பதினான்கு, பதினைந்து கூட ஆகும். எல்லோரும் எடுத்தாக வேண்டிய பொதுத் தேவைகளுக்கு (எழுத்து, மொழி, அறிவியல், கலை, சமூக அறிவியல் என்று பிரித்து வைத்திருப்பது) இன்னொரு பத்து. மிச்சம் பத்து பன்னிரண்டு கட்டங்கள்தான் உங்களுடையவை. தேடிப் பார்ப்பதும், தப்பாகத் தேர்ந்ததைக் கைவிடுவதும், வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் படிப்பதும் இந்தப் பத்துக்குள்தான் நடக்க வேண்டும். பிரவுன், ஆம்ஹர்ஸ்ட் போன்ற இடங்களில் பொதுத் தேவை என்ற பெட்டியே ஏறக்குறைய இல்லை. அங்கே இடம் தாராளம். கொலம்பியா, சிகாகோ போன்ற இடங்களில் கட்டாயப் பொதுப்பாடம் கனமானது. அங்கே தேடலுக்கான இடம் சுருங்கும். மேரிலாந்து, நியூ மெக்ஸிகோ இரண்டிலும் வளாகம் உள்ள செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் மேஜரே கிடையாது, எல்லோருக்கும் ஒரே பாடத்திட்டம். அங்கே சேர்ந்தவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

மேஜர் என்ற ஏற்பாடே ஒரு குறையைச் சரிசெய்ய வந்தது. ஹார்வர்டில் சார்லஸ் எலியட் 1869 முதல் 1909 வரை தலைவராக இருந்தார். அவர் காலத்தில் மாணவர் விருப்பப்படி கோர்ஸ் எடுக்கலாம் என்ற முறை முழுமையாக வந்தது. விளைவு, பலர் ஆரம்ப நிலைக் கோர்ஸ்களையே அடுக்கி டிகிரி வாங்கினார்கள். அடுத்து வந்த லாரன்ஸ் லோவெல் ஒரு துறையில் ஆழம், மற்றவற்றில் பரவல் என்று விதி போட்டார். இன்றைக்கும் ஹார்வர்டில் மேஜருக்குக் 'கான்சன்ட்ரேஷன்' என்றுதான் பெயர். இந்தப் பழங்கதையில் நமக்கு வேண்டியது ஒன்றுதான். மேஜரின் உயிர் அதன் மேல்நிலைக் கோர்ஸ்களில் இருக்கிறது, முதல் கோர்ஸில் இல்லை. ஆனால் மாணவர்கள் தேர்ந்தெடுப்பதோ பெரும்பாலும் முதல் கோர்ஸைப் பார்த்து.

முதல் கோர்ஸ் ஏன் ஏமாற்றும்? அது பல துறை மாணவர்களுக்கும் சேர்த்துச் செய்த கடை விரிப்பு. நூறு பேர் அமர்ந்திருக்கும் அறையில் துறையின் சுவையான முடிவுகளை எல்லாம் வரிசையாகக் காட்டுவார்கள். அந்த முடிவுகளுக்கு எப்படி வந்து சேர்ந்தார்கள் என்பது மூன்றாம் ஆண்டில்தான் வரும். நீங்கள் மேஜராக எடுத்தால் செய்யப்போவது அந்த இரண்டாவது வேலை. சில துறைகளில் இது தலைகீழாகவும் நடக்கும். பொது வேதியியல் முதல் கோர்ஸ் பலரை விரட்டி அடிக்கும். மேலே போனால் அந்தத் துறையே வேறு முகம் காட்டும்.

மனோதத்துவம் நல்ல உதாரணம். முதல் கோர்ஸில் நினைவாற்றல், கனவு, ஆளுமை, மனநோய் என்று வாரத்துக்கு ஒரு தலைப்பு. "மனுஷங்களைப் புரிஞ்சுக்கணும்" என்று சேருபவர்கள் இதில் சொக்கிப்போவார்கள். அடுத்தது புள்ளியியல். அதற்கடுத்தது ஆய்வு முறைகள். ஒரு கேள்வியை அளவிடக்கூடியதாக மாற்றுவது, கட்டுப்பாட்டுக் குழு அமைப்பது, மாதிரியின் அளவை முடிவு செய்வது, கிடைத்த வேறுபாடு தற்செயலா என்று சோதிப்பது. இந்த வேலையில் கை ஓடுகிறவர்களுக்கு அது அருமையான மேஜர். பிறர் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பதுதான் தன் பலம் என்பவருக்கு மானுடவியலின் களப்பணிக் கோர்ஸ் பொருந்தலாம். ஆனால் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் அந்தப் பக்கமே போவதில்லை.

பொருளாதாரத்தில் இந்தப் பள்ளம் இன்னும் பெரிது. முதல் கோர்ஸில் தேவை, அளிப்பு என்று இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும். வரி போட்டால் கோடு நகரும். செய்தித்தாள் புரிய ஆரம்பிக்கும். இடைநிலை நுண்பொருளாதாரத்தில் கோடு போய் கால்குலஸ் வந்துவிடும். பட்ஜெட் என்ற வரம்புக்குள் பயன்பாட்டுச் சார்பை உச்சப்படுத்து, லக்ராஞ்ச் முறையில் செய். அதன்பின் எக்கனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளாதாரக் கேள்விகளைப் புள்ளியியலால் அளப்பது. அங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி எளிமையானது: படிப்பு ஓராண்டு கூடினால் சம்பளம் எவ்வளவு கூடும்? ஆயிரம் பேரின் படிப்பையும் சம்பளத்தையும் வைத்து ஒரு கோடு பொருத்தினால் ஒரு எண் வரும். அந்த எண் தப்பு. ஏனென்றால் இயல்பாகவே திறமை உள்ளவர் கூடுதலாகப் படிக்கவும் செய்வார், படிக்காவிட்டாலும் கூடுதலாகச் சம்பாதிக்கவும் செய்வார். திறமை என்பது நம் அட்டவணையில் இல்லை. இப்போது படிப்பின் பங்கை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? இந்தக் கேள்வியோடு ஒரு செமஸ்டர் முழுக்கக் குடும்பம் நடத்த வேண்டும். இதைப் படித்ததும் ஆர்வம் வந்தால் பொருளாதாரம் உங்களுக்கு ஒத்துவரும். "அந்த ரெண்டு கோடு போதுமே" என்று தோன்றினால் அரசியல் அறிவியலையோ வரலாற்றையோ பாருங்கள். (அரசியல் அறிவியலிலும் இப்போது புள்ளியியல் நுழைந்துவிட்டது, ஆனால் அதை அதிகம் தொடாமல் முடிக்கும் பாதையைப் பல துறைகள் இன்னும் வைத்திருக்கின்றன.)

கணிதத்தில் மாறும் இடம் ஒன்றே ஒன்று, ஆனால் செங்குத்தானது. கால்குலஸ் வரை கணக்குப் போடுவது. 'நிரூபணங்களுக்கு அறிமுகம்' என்ற கோர்ஸிலிருந்து எழுதுவது. ரியல் அனாலிசிஸ் விடைத்தாளில் எண்களைவிட வாக்கியங்கள்தான் அதிகம் இருக்கும். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் இங்கே தடுமாறுவதும், சுமாராக வாங்கியவர் இங்கே மலர்வதும் சகஜம். கம்ப்யூட்டர் சயன்ஸிலும் இதே கதை. பைத்தானில் விளையாட்டு செய்யும் முதல் கோர்ஸுக்குப் பிறகு டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், டிஸ்க்ரீட் கணிதம், பிறகு அல்காரிதம்ஸ். அந்த அல்காரிதம்ஸ் கோர்ஸில் நிரல் எழுதுவது குறைவு. எழுதிய நிரல் எப்போதும் சரியான விடைதான் தரும், இவ்வளவு நேரத்துக்குள் தரும் என்று காகிதத்தில் நிறுவுவதுதான் வேலை.

மொழியியலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைப் பற்றிய தப்பெண்ணம்தான் மிகப் பெரியது. நாலைந்து மொழி கற்றுக்கொள்ளும் மேஜர் என்று நினைத்துச் சேருகிறார்கள். ஒலியனியல் கோர்ஸில் தரும் வீட்டுப்பாடம் எப்படி இருக்கும் என்று தமிழிலேயே காட்டுகிறேன். 'காகம்' என்று சொல்லிப் பாருங்கள். முதல் எழுத்தில் வரும் 'க்' ஒலியும் நடுவில் வரும் 'க்' ஒலியும் ஒன்றல்ல. முதலாவது வல்லென்று வெடிக்கிறது, இரண்டாவது தொண்டை அதிர மென்மையாக வருகிறது. 'பக்கம்' என்பதில் இரட்டித்து வரும்போது மீண்டும் வல்லொலி. 'பங்கு' என்பதில் மெல்லினத்தை அடுத்து வரும்போது அதிர்கிறது. ஒலிகள் வேறு, ஆனால் எழுத்து ஒன்றே போதும், ஏனென்றால் எந்த இடத்தில் எந்த ஒலி என்பதை விதி தீர்மானிக்கிறது. அந்த விதியை மிகக் குறைந்த சொற்களில் எழுது, விதிவிலக்கு உண்டா என்று இந்த இருபது சொற்களில் சோதி. வீட்டுப்பாடம் இவ்வளவுதான். மொழி தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை. அறியாத மொழியின் சொற்பட்டியலைத்தான் பெரும்பாலும் தருவார்கள். புதிர் போடுகிற மூளைக்கு இது விருந்து. நாவல் வாசிக்கிற, பேசிப் பழகுகிற ஆசையோடு வந்தவருக்குத் தண்டனை.

அதனால்தான் மேஜரை மேலிருந்து கீழே படியுங்கள் என்கிறேன். செய்முறை இது. துறையின் பக்கத்தைத் திறந்து, எல்லோருக்கும் கட்டாயமான கோர்ஸ்களில் எண் மிகப் பெரியதாக உள்ளதைக் கண்டுபிடியுங்கள். 300, 400 என்று தொடங்கும். அதன் பழைய சிலபஸ் இணையத்தில் இல்லாவிட்டால் துறை அலுவலகத்துக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். அதில் ஐந்தாவது, ஆறாவது வாரத்துக்கான வாசிப்பையோ வீட்டுப்பாடத்தையோ எடுத்துக்கொண்டு இரண்டு மணிநேரம் உட்காருங்கள். முதல் வாரத்தை எடுக்காதீர்கள், அது வரவேற்புரை. புரியாது, புரிய வேண்டும் என்பதும் இல்லை. கவனிக்க வேண்டியது, புரியாதபோது உங்களுக்கு என்ன நேர்கிறது என்பதை. அகராதியைத் திறக்கிறீர்களா, அலைபேசியைத் திறக்கிறீர்களா?

கூடவே இன்னொன்று. பல கல்லூரிகளில் கடைசி ஆண்டு ஆய்வேட்டுத் தலைப்புகள் துறைப் பக்கத்திலோ நூலகத்தின் இணையக் களஞ்சியத்திலோ இருக்கும். ரீட், பிரின்ஸ்டன் போன்ற இடங்களில் ஆய்வேடு வழக்கமே மிக வலுவானது. முப்பது தலைப்பை எடுத்து, 'இதைப் படித்துப் பார்க்கலாமே' என்று உண்மையாகவே தோன்றுபவற்றை எண்ணுங்கள். ஒன்றிரண்டு கூடத் தேறவில்லை என்றால் அந்தத் துறையின் முதல் கோர்ஸ் எவ்வளவு பிடித்திருந்தாலும் சந்தேகப்படுங்கள். பிடித்தது அந்தப் பேராசிரியரின் பேச்சாக இருக்கலாம். அதைச் சோதிக்க வழி எளிது: அடுத்த கோர்ஸை இன்னொருவரிடம் எடுங்கள்.

மதிப்பெண்ணை அளவுகோலாக வைப்பது பாதிதான் சரி. அறிவியல் கோர்ஸ்களில் ஏ கொடுப்பது குறைவாகவும் மனிதவியல் (இலக்கியம், தத்துவம், மொழி போன்ற) கோர்ஸ்களில் தாராளமாகவும் இருப்பது பொதுவாகக் காணக்கூடியது. எனவே வேதியியலில் வாங்கிய பி பிளஸும் இலக்கியத்தில் வாங்கிய ஏ மைனஸும் நேரடியாக ஒப்பிடத்தக்கவை அல்ல. அதைவிட நம்பகமான அளவு, எந்த வேலையைத் தள்ளிப்போட்டீர்கள் என்பது. ஆறாவது வாரத்தில், நான்கு கோர்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு வாரம் குறித்து வையுங்கள்: எதை முதலில் எடுத்தேன், எதைக் கடைசி இரவுக்கு விட்டேன், எத்தனை மணிநேரம். இரண்டு செமஸ்டர் செய்தால் எட்டு கோர்ஸின் குறிப்பு கையில் இருக்கும். நினைவிலிருந்து சொல்வதற்கும் இந்தக் குறிப்புக்கும் சில சமயம் சம்பந்தமே இருக்காது.

இனி சங்கிலி விஷயம். 'ப்ரீரெக்' என்று மாணவர்கள் சொல்வது, இதை முடித்த பிறகே அதை எடுக்கலாம் என்ற நிபந்தனை. ஒரு மேஜரின் கடினம் அதன் கோர்ஸ் எண்ணிக்கையில் இல்லை, இந்தச் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. வேதியியலை எடுத்துக்கொள்வோம். பொது வேதியியல் இரண்டு செமஸ்டர், பிறகு கரிம வேதியியல் இரண்டு, பிறகு இயற்பிய வேதியியல் இரண்டு. இந்தக் கடைசி இரண்டுக்குக் கால்குலஸும் இயற்பியலும் முடித்திருக்க வேண்டும். ஆறு செமஸ்டர், ஒன்றன்பின் ஒன்றாக. முதல் ஆண்டு ஃபாலில் (கல்வியாண்டின் முதல் செமஸ்டரில்) தொடங்கினால் மூன்றாம் ஆண்டோடு முடிந்து, நான்காம் ஆண்டு ஆய்வுக்கு. இரண்டாம் ஆண்டு ஃபாலில் தொடங்கினால் எட்டாவது செமஸ்டரில் கடைசிக் கண்ணி. காகிதத்தில் முடிகிறது. ஆனால் நடுவே ஒரு கோர்ஸில் தவறினாலோ, உடம்புக்கு முடியாமல் கைவிட்டாலோ, அது ஃபாலில் மட்டும் நடக்கும் கோர்ஸ் என்றால் ஓராண்டு போய்விடும். வெளிநாட்டு செமஸ்டரும் இல்லை, ஆய்வேடும் இல்லை.

இயற்பியலில் இன்னொரு சிக்கல் உண்டு, சிறிய கல்லூரிகளில் குறிப்பாக. மெக்கானிக்ஸ், மின்காந்தவியல், நவீன இயற்பியல் என்று மூன்று செமஸ்டர் ஏறிய பிறகுதான் குவாண்டம். ஐந்தாறு பேராசிரியர்களே உள்ள துறையில் குவாண்டம், வெப்ப இயற்பியல் போன்றவை ஓராண்டு விட்டு ஓராண்டுதான் நடக்கும். நீங்கள் தயாராகும் ஆண்டில் அது இல்லாவிட்டால் கதை முடிந்தது. கேட்லாகில் 'மாற்று ஆண்டுகளில்' என்ற சிறிய எழுத்து வரி இருக்கும். கடைசி ஆண்டு வரை அதைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு. ஜப்பானியம், அரபி, சீனம் போன்ற மொழி மேஜர்களையும் இந்தப் பட்டியலில் சேருங்கள். முதல் நிலை பெரும்பாலும் ஃபாலில் மட்டுமே தொடங்கும். முதல் செமஸ்டரைத் தவறவிட்டால் ஓராண்டு தள்ளிப்போகும். மனிதவியல் துறை என்பதால் எப்போது வேண்டுமானாலும் தொடங்கலாம் என்று நினைத்து ஏமாறுவது இங்கேதான்.

ஆங்கில இலக்கியம், வரலாறு, தத்துவம், சமூகவியல் ஆகியவற்றில் சங்கிலி குட்டை. பத்து கோர்ஸில் வரிசைப்படி எடுக்க வேண்டியவை இரண்டோ மூன்றோதான். அவை உங்களுக்காகக் காத்திருக்கும். ஆகவே விதி இப்படி: நீளச் சங்கிலி உள்ள மேஜர் உங்கள் மனதில் மூன்றாவது இடத்தில் இருந்தாலும், அதன் முதல் கண்ணியை முதல் செமஸ்டரிலேயே போட்டுவிடுங்கள். முதல் இடத்தில் இருப்பது தத்துவம் என்றால் அதற்கு ஒரு கோர்ஸ் போதும். முதல் செமஸ்டரின் நான்கு கட்டங்களில் என் யோசனை: கணிதமோ அறிவியலோ ஒரு சங்கிலியின் தொடக்கம், ஒரு மொழி, நிறைய எழுத வைக்கும் சிறிய வகுப்பு ஒன்று, பள்ளியில் பெயரே கேட்டிராத துறை ஒன்று. இந்த நான்காவதைத்தான் எல்லோரும் வெட்டுவார்கள். வெட்டாதீர்கள். நிலவியல் (ஜியாலஜி), கலை வரலாறு, மொழியியல், சமயவியல் போன்ற துறைகளுக்குப் பலர் தற்செயலாகத்தான் வந்து சேருகிறார்கள்.

இரட்டை மேஜர் ஆசை இருந்தால் அதையும் எண்களில் பாருங்கள். 11 கூட்டல் 11, பொதுவான இரண்டைக் கழித்தால் 20. பொதுத் தேவை பத்தில் மூன்று இந்த இருபதுக்குள் அடங்கும் என்று வைத்துக்கொண்டால் இன்னும் 7. மொத்தம் 27. மிச்சம் ஐந்து கட்டம். அதில் வெளிநாட்டு செமஸ்டர் நான்கை எடுத்தால் ஒன்று. கணிதமும் இயற்பியலும், பொருளாதாரமும் கணிதமும் போல நிறையப் பங்கிட்டுக்கொள்ளும் ஜோடி என்றால் சரி, அது ஒன்றரை மேஜர்தான். உயிரியலும் வரலாறும் என்றால் இரண்டு முழு மேஜர். இரண்டிலும் கடைசி ஆண்டு ஆய்வேடு கட்டாயமா என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பல இடங்களில் இரண்டு மேஜருக்கும் சேர்த்து எண்ணக்கூடிய கோர்ஸ்களுக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள். இரண்டாவது ஆசைக்கு ஐந்தாறு கோர்ஸில் முடியும் மைனர் என்ற துணைப்பாடம் இருக்கிறது. அதுவும் வேண்டாம் என்றால் பிடித்த நான்கு கோர்ஸை எடுத்தால் போதும், மதிப்பெண் பட்டியலில் அவற்றின் பெயர்கள் இருக்கத்தானே போகின்றன.

விதிகளில் தடுக்கி விழும் இடங்கள் சில. ஏ, பி என்ற மதிப்பெண் இல்லாமல் பாஸ் அல்லது ஃபெயில் என்று மட்டும் எடுத்த கோர்ஸைப் பெரும்பாலான துறைகள் மேஜருக்குக் கணக்கில் கொள்ளாது. பயந்துபோய் முதல் புள்ளியியலை அப்படி எடுத்தவர், பிறகு அதே துறைக்கு வந்து மாட்டிக்கொள்வார். பள்ளியில் எழுதிய ஏபி என்ற கல்லூரி நிலைத் தேர்வு உங்களை முதல் கோர்ஸிலிருந்து விடுவிக்கலாம், ஆனால் மேஜரின் பதினொன்றில் ஒன்றாக அதை எண்ணாமல், பதிலுக்கு மேல்நிலைக் கோர்ஸ் ஒன்றை எடுக்கச் சொல்லலாம். விடுவிப்பு வேறு, கிரெடிட் வேறு. அடுத்த கோர்ஸுக்குப் போகக் குறைந்தது சி வேண்டும் என்ற நிபந்தனை பல இடங்களில் உண்டு. சி மைனஸ் வாங்கினால் டிகிரிக்கான எண்ணிக்கையில் சேரும், சங்கிலி மட்டும் அறுந்துபோகும். வெளிநாட்டில் படிக்கும் கோர்ஸ் மேஜருக்குச் சேருமா என்பதைப் போவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். திரும்பி வந்து கேட்டால் சிலபஸை மொழிபெயர்த்துத் தரச் சொல்வார்கள். பெரிய பல்கலைக்கழகங்களில் கம்ப்யூட்டர் சயன்ஸ் போன்ற சில மேஜர்களுக்கு இடக் கட்டுப்பாடு உண்டு. அறிவித்தால் மட்டும் போதாது, குறிப்பிட்ட கோர்ஸ்களில் குறிப்பிட்ட மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்க வேண்டும். அங்கே 'அப்புறம் பாத்துக்கலாம்' என்ற பேச்சே செல்லாது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

வேலை பற்றி. இளங்கலைக்குப் பின் சேரும் மருத்துவப் பள்ளிக்கு எந்த மேஜரும் ஆகும். பொதுவாகக் கேட்பது உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகியவை ஆய்வகத்துடன், கூடவே பயோகெமிஸ்ட்ரி. 2015 முதல் மருத்துவப் பள்ளி நுழைவுக்கான எம்கேட் தேர்வில் மனோதத்துவமும் சமூகவியலும் சேர்ந்திருக்கின்றன. இந்தக் கோர்ஸ்களே பத்துக்கு மேல் இடம் பிடிக்கும். ஆகையால் இசை மேஜரோடு மருத்துவம் என்பது முடியாத காரியமல்ல, ஆனால் நடைமுறையில் அது இரட்டை மேஜர். சட்டப் பள்ளிக்கு இன்ன மேஜர் என்று கட்டாயம் இல்லை. நிறைய வாசித்து, நிறைய எழுத வைக்கும் துறை எதுவும் சரி. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால், பொருளாதார மேஜரின் கட்டாயக் கோர்ஸ்கள் போதாது. பலமாறி கால்குலஸ், லீனியர் ஆல்ஜீப்ரா, ரியல் அனாலிசிஸ் மூன்றையும் சேர்க்க வேண்டும். இதைத் தாமாகவே அழைத்துச் சொல்ல ஆள் இருக்காது, கேட்டால்தான் சொல்வார்கள்.

வெளிநாட்டு மாணவருக்கு இன்னொரு கணக்கு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படித்தவருக்கு இப்போதைய விதிப்படி பட்டத்துக்குப் பின் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம். அரசின் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உள்ள மேஜர் என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். இதில் பார்க்க வேண்டியது மேஜரின் பெயரை அல்ல, அதற்குக் கல்லூரி கொடுத்திருக்கும் சிஐபி என்ற பாடப்பிரிவுக் குறியீட்டை. பொதுப் பொருளாதாரத்துக்கான 45.0601 அந்தப் பட்டியலில் இல்லை; எக்கனாமெட்ரிக்ஸ், அளவறி பொருளாதாரத்துக்கான 45.0603 இருக்கிறது. ஆகவே 'எக்கனாமிக்ஸ்' என்றே பெயருள்ள மேஜர் ஒரு கல்லூரியில் 12 மாதமும், பக்கத்துக் கல்லூரியில் 36 மாதமும் தரலாம். குறியீடு, விசாவுக்காகக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தில் அச்சாகியிருக்கும். மேஜரை அறிவித்ததும் அந்தப் படிவத்தைப் புதுப்பிக்க வேண்டும். பட்டியல் அவ்வப்போது மாறுவதால், அறிவிக்கும் வாரத்தில் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் நேரில் சரிபாருங்கள்.

சம்பள விவரம் தேடுபவர்கள் அமெரிக்கக் கல்வித் துறையின் காலேஜ் ஸ்கோர்கார்டு தளத்தைப் பார்ப்பார்கள். கல்லூரி வாரியாக, துறை வாரியாக இடைநிலைச் சம்பளம் (மீடியன்) இருக்கிறது. நல்ல கருவிதான். ஆனால் அது கூட்டாட்சி அரசின் கல்வி உதவி பெற்ற மாணவர்களை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. வெளிநாட்டு மாணவர் அதில் இல்லை. சிறிய துறைகளுக்குத் தனியுரிமை கருதி எண்ணையே காட்டாது. வேலைக்குச் சேர்ந்த ஆரம்ப ஆண்டுகளின் எண்கள் என்பதால், பட்டம் முடித்ததும் மேற்படிப்புக்குப் போய்விடும் துறைகளை அதை வைத்து ஒப்பிடுவதும் கஷ்டம்.

கடைசியாக அறிவிக்கும் படிவம். துறையின் பேராசிரியர் ஒருவரை அட்வைசராகக் குறிப்பிட்டுக் கையெழுத்து வாங்க வேண்டும். புகழ்பெற்றவரைவிட, அடுத்த இரண்டு ஆண்டும் வளாகத்தில் இருப்பவரைத் தேர்ந்தெடுங்கள். பேராசிரியர்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சபாட்டிகல் என்ற ஆய்வு விடுப்பில் போவார்கள்; அது உங்கள் ஆய்வேட்டு ஆண்டாக இருந்தால் சிக்கல். போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டு, முடித்தவற்றையும் எடுக்கப்போவதையும் செமஸ்டர் வாரியாக நிரப்பிக் கொண்டுபோங்கள். இரண்டாவது தாளில், இந்த மேஜர் ஒத்துவராவிட்டால் எந்த மேஜர், அதற்கு எந்தக் கட்டங்கள் என்று எழுதுங்கள். கேட்க வேண்டியவை மூன்று. அடுத்த இரண்டு ஆண்டில் எந்தக் கட்டாயக் கோர்ஸ் நடக்காது? யார் விடுப்பில் போகிறார்கள்? இந்த மேஜரை விட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் எந்தக் கோர்ஸில் போகிறார்கள்? மூன்றாவது கேள்விக்குப் பேராசிரியர் சற்று யோசித்துத்தான் பதில் சொல்வார். சொன்ன கோர்ஸை நீங்கள் இன்னும் எடுக்கவில்லை என்றால் அதை அடுத்த செமஸ்டருக்கு இழுங்கள், ஏழாவதில் வைக்காதீர்கள். அறிவித்த மேஜரை மாற்ற இன்னொரு படிவம் இருக்கிறது, அதற்குக் கட்டுப்பாடும் அதிகம் இல்லை. மாற்றுவதற்குக் காலி இடம் இருக்கிறதா என்பதை அந்த இரண்டாவது தாள்தான் சொல்லும்.